உணவல்லாத ஒன்றை விடுவது உபவாசமாகுமா? லெந்து நாட்களை முன்னிட்டு ஒரு கேள்வி

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்):

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு இன்னும் பத்து நாட்களே இருக்கும் இந்த வேளையில், இரண்டு ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

எனக்கு வயது 61. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்ச் சபை ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டு வயது முதலே லெந்து நாட்களில் காலை உணவைத் தவிர்ப்பதும், வெள்ளிக்கிழமைகளில் மாலை ஆராதனை முடிந்த பிறகே கஞ்சி குடிப்பதும் எனக்கு வழக்கம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளத் தொடங்கிய பிறகும் அதை விட மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், புனித வெள்ளியன்று மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தையின் தியானம் நடந்துகொண்டிருந்தபோது, சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தேன். இனி ஒரு வேளை உணவைக்கூடத் தவிர்க்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த லெந்து வந்தபோது, வீட்டார் எல்லோரும் ஊருக்குப் புறப்பட்டுப் போக, நான் மட்டும் திண்ணையில் விடப்பட்டதைப் போல இருந்தது. உணவை விட முடியாதவர் வேறு எதையாவது விடலாமா என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். எதை விட்டாலும் அது உபவாசம்தான் என்றார். சபையின் மூத்தவர் ஒருவரோ, வயிறு காயாதது உபவாசமே அல்ல என்றார். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை.

சென்ற ஆண்டு, இரவு ஏழரை மணிக்கு நான் தவறாமல் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரை விட்டேன். முதல் வாரம் உண்மையாகவே கடினமாக இருந்தது. இரண்டாம் வாரத்தில், அதே அரைமணி நேரம் கைப்பேசியில் குறுங்காணொளிகளைப் பார்ப்பதில் கழிவதைக் கவனித்தேன். நாற்பது நாட்களும் தொடரைப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஜெபித்தேனா என்று கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் தாயார் லெந்து தொடங்கிய நாள் முதல் தலையில் பூ வைக்க மாட்டார். புதுத்துணி எடுக்க மாட்டார். திருமணப் பேச்சு வந்தால் ஈஸ்டர் கழியட்டும் என்று நிறுத்திவிடுவார். அதை அவர் உபவாசம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டின் முகமே மாறியிருக்கும். அது உபவாசமாக இருந்ததா, இல்லையா? அறிந்தவர்களும் அனுபவப்பட்டவர்களும் சொல்லுங்கள்.

வேதபாட மாணவன்:

அம்மா, உங்கள் உடல்நிலையை எண்ணிக் கவலைப்படுகிறேன். மருத்துவர் சொன்னதை மீற வேண்டாம். ஆனால் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த மூத்தவர் சொன்னதில் பெரும் உண்மை இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

பழைய ஏற்பாட்டில் உபவாசத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல்லான சோம் என்பதும், புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான நேஸ்தேயா என்பதும் உண்ணாமையையே குறிக்கின்றன. மோசேயும் எலியாவும் நம் ஆண்டவரும் நாற்பது நாள் விட்டது உணவைத்தான். இதில் ஒரு காரணமும் இருக்கிறது. பசி என்பது நாம் தேர்ந்தெடுத்துக்கொண்ட விருப்பம் அன்று. நாம் படைக்கப்பட்டவர்கள், நம்மால் நாமே நிலைத்திருக்க முடியாதவர்கள் என்பதை உடல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் அறிவிப்பு. தேவன் தம் ஜனத்தைப் பசியால் வருத்தி மன்னா என்னும் வான உணவால் போஷித்ததற்கு உபாகமம் 8ஆம் அதிகாரம் கூறும் காரணமும் அதுவே. தொலைக்காட்சி இல்லாமல் மனிதன் சாகமாட்டான். ஆகவே அதை விடுவது அந்தப் பாடத்தைக் கற்பிக்காது.

எனக்குள்ள அச்சம் இதுதான். இனிப்பை விடுகிறேன், முகநூலை விடுகிறேன் என்று ஒவ்வொருவரும் தமக்கு எளிதானதைத் தேர்ந்தெடுத்து அதற்கு உபவாசம் என்று பெயர் சூட்டினால், அந்தச் சொல்லில் பொருளே மிஞ்சாது. நீங்கள் உபவாசத்திலிருந்து விலக்குப் பெற்றவர். விலக்குப் பெற்றவர் மாற்றுப்பொருள் தேட வேண்டிய கடமை இல்லை. ஜெபியுங்கள், அது போதும்.

தவக்காலப் பயணி:

அன்புச் சகோதரி, நான் கத்தோலிக்கன். எங்கள் வழக்கத்திலிருந்து பேசுகிறேன். நீங்கள் லெந்து என்பதை நாங்கள் தவக்காலம் என்போம். நாங்கள் இவற்றை ஒரே சொல்லில் அடக்குவதில்லை. ஒருவேளை மட்டும் முழுதாக உண்பது ஒருசந்தி. இறைச்சியைத் தவிர்ப்பது சுத்தபோசனம். இவை இரண்டையும் உள்ளிட்டு, மனம் மாறுவதற்காக நாமே விரும்பி ஏற்கும் எல்லா மறுப்புகளுக்கும் பொதுப்பெயர் ஒறுத்தல். ஆகவே தம்பி வேதபாட மாணவன் சொல்லும் வேறுபாடு எங்களுக்குப் புதிதன்று.

அதே வேளையில் எங்கள் திருச்சபைச் சட்டம் மனித நிலைமையை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களை 60ஆம் வயது தொடங்கும் வரை மட்டுமே கட்டுப்படுத்தும். உங்கள் வயதில் உடல் நலமாக இருந்தாலும்கூட அது கடமையன்று. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் தவ முயற்சிகளைப் பற்றிய ஒழுங்குகளைத் திருத்தியபோது, இறைவேண்டல், உண்ணாநோன்பு, பிறரன்புச் செயல் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே வைத்தார். இன்றுள்ள சட்டத்தின் 1253ஆம் எண்ணும், உண்ணாநோன்புக்கும் சுத்தபோசனத்துக்கும் ஈடாக வேறு தவ முயற்சிகளை, குறிப்பாக அன்புச் செயல்களையும் பக்தி முயற்சிகளையும், முழுமையாகவோ பகுதியாகவோ வைக்க ஆயர் பேரவைகளுக்கு இடம் தருகிறது. எனவே மாற்று என்ற எண்ணமே தவறென்று சொல்ல முடியாது.

உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு எங்கள் கோவில் நினைவுக்கு வந்தது. தவக்காலத்தில் கோவிலே நோன்பிருக்கிறது. அல்லேலூயா பாடப்படுவதில்லை. ஞாயிறுகளில் வானவர் கீதம் என்னும் புகழ்ப்பாடல் இல்லை. பீடத்தில் பூ வைப்பதில்லை. இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டும் ஒலிக்கும். பெரிய வியாழன் திருப்பலியின் வானவர் கீதத்தோடு மணிகள் ஓய்ந்தால், உயிர்ப்புப் பெருவிழா இரவின் பாஸ்கா திருவிழிப்பு வரை மரக்கருவியின் வறண்ட ஓசைதான். சிறுவனாக இருந்தபோது, உயிர்ப்புப் பெருவிழா இரவில் மணிகள் அத்தனையும் சேர்ந்து ஒலித்த கணத்தில் நான் அழுதிருக்கிறேன். பசித்தவனுக்குச் சோறு கிடைத்ததைப் போலத்தான் இருந்தது. காதுக்கும் பசி உண்டு என்பதை எனக்கு எந்த மறையுரையும் கற்பிக்கவில்லை. அந்த மணிதான் கற்பித்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டுத் திருநீற்றுப் புதனன்று (சாம்பல் புதன்) ஆற்றிய உரையில், தொலைக்காட்சியை அணைத்து விவிலியத்தைத் திறக்கவும், கைப்பேசியின் தொடர்பை விட்டு நற்செய்தியோடு தொடர்பு கொள்ளவும் அழைத்தார். தாம் சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சி இல்லை, ஆனால் தவக்காலத்தில் வானொலி கேட்காதிருக்கும் வழக்கம் இருந்தது என்பதையும் அவர் நினைவுகூர்ந்தார். ஆகவே இது இன்றைய நாகரிகம் கண்டுபிடித்த புதுமையன்று.

தாமிரபரணிக்கரை:

இருவருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் சொன்னதைச் சிந்தித்தேன். மாற்றுத் தேட வேண்டிய கடமை எனக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனால் நான் கடமைக்காகத் தேடவில்லை. பசித்திருந்த நாட்களில் ஜெபம் என்னைத் தேடி வந்தது. வயிறு இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஆண்டவரை நினைத்தேன். இப்போது வேளாவேளைக்கு உண்டு, நினைவூட்ட எதுவும் இல்லாமல், நாள் முழுவதும் அவரை மறந்திருக்கிறேன். எனக்கு வேண்டியது அந்த இழுப்பு.

வேதத்தில் இரண்டு இடங்கள் என் கண்ணில் பட்டன. தானியேல் 10ஆம் அதிகாரத்தில், அவர் மூன்று வாரம் துக்கித்திருந்தபோது ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டதோடு, பரிமளதைலம் பூசிக்கொள்வதையும் விட்டார். 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தில், கணவனும் மனைவியும் இருவரும் சம்மதித்து, ஜெபத்துக்காகச் சிறிது காலம் பிரிந்திருக்கலாம் என்கிறார் பவுல். இவை உணவைப் பற்றியவை அல்லவே?

ரைன்கரைத் தமிழர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜெர்மனியில் வாழ்பவன். இங்குள்ள புரொட்டஸ்டாண்டுச் சபைகளில் இந்தக் கேள்வி வேறொரு வழியாக எழுந்தது என்பதால் எழுதுகிறேன். சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு இவர்களிடையே லெந்து நோன்பு ஒரு கட்டாயமாக இருக்கவில்லை; பலரிடம் அது மறைந்தே போயிருந்தது. 1983இல் ஹம்பர்க் நகரில் சிலர் கூடி, ஏழு வாரம் எதையாவது விட்டு வாழ்ந்து பார்ப்போம் என்று தொடங்கினார்கள். ஏழு வாரம் இல்லாமல் என்பதே அந்த முயற்சியின் பெயர். முதலில் மதுவும் புகையும் இனிப்புமாக இருந்தது, பின்னர் மனத்தின் பழக்கங்களை நோக்கித் திரும்பியது. 2017இல் உடனடி என்பது இல்லாமல் ஏழு வாரம். 2019இல் பொய் இல்லாமல் ஏழு வாரம். 2020இல் அவநம்பிக்கை இல்லாமல். 2025இல் பதற்றம் இல்லாமல். இவற்றுள் பொய்யில்லாத ஏழு வாரம் என்னை உலுக்கியது. பெரிய பொய்கள் என்னிடம் இல்லை என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாளே, வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். நாளொன்றுக்கு ஐந்தாறு முறை அப்படி நிறுத்த வேண்டியிருந்தது. சகோதரி குறிப்பிடும் அந்த இழுப்பு இதுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆண்டவரே இரங்கும் என்று சொல்லப் பழகினேன்.

கார் ஓட்டாத நோன்பு என்றொரு முயற்சியும் இங்கே உண்டு. 1998இல் சார்லாந்துப் பகுதியின் சபைகள் தொடங்கியது. ஆனால் நான் அதிகம் சொல்ல விரும்புவது கண்ணின் நோன்பைப் பற்றி.

நடுக்காலத்தில் ஜெர்மன் மொழி வழங்கிய நாடுகளின் கோவில்களில், லெந்து தொடங்கியதும் பீடத்தை முழுவதும் மறைத்து ஒரு பெருந்துணியைத் தொங்கவிடுவார்கள். அதற்குப் பசித்துணி என்றே பெயர். ஆறு வாரம் மக்களின் கண்கள் பீடத்தைக் காணாமல் பசித்திருக்கும். சிட்டாவ் என்னும் ஊரில் 1472இல் நறுமணப் பொருள் வணிகர் ஒருவர் கொடுத்த துணி இன்றும் இருக்கிறது. 8.20 மீட்டர் உயரமும் 6.80 மீட்டர் அகலமும் கொண்ட அந்த லினன் துணியில், படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை 90 படங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. அவ்வூர் லூத்தரன் ஆன பிறகும் அதைக் கைவிடவில்லை. 1672 வரை பயன்படுத்தினார்கள். 1945இல் சோவியத் வீரர்கள் அதைத் துண்டுகளாக வெட்டி, மலையில் அமைத்த நீராவிக் குளியலறைக்குச் சுவராகக் கட்டினார்கள். நீராவியில் நிறம் வெளுத்த அந்தத் துண்டுகளை விறகு பொறுக்கப் போன ஒருவர் கண்டெடுத்தார். செப்பனிடப்பட்டு 1999 முதல் அங்கே ஒரு பழைய கோவிலில் பார்வைக்கு இருக்கிறது. நான் நேரில் போய் அதன் முன் வெகுநேரம் நின்றேன். வெளுத்துப்போன படங்கள் நன்றாக இருந்த படங்களைவிட அதிகம் பேசின.

மறைந்துபோன அந்த வழக்கத்தை மிசேரியோர் என்னும் கத்தோலிக்க உதவி அமைப்பு 1976இல் மீட்டெடுத்தது. அதன் முதல் பசித்துணியை வரைந்தவர் நம் இந்திய ஓவியர் ஜோதி சாகி. பீடத்தை மறைத்த துணி, தொலைதூர மக்களின் பசியைக் காட்டும் துணியாக மாறியது. எனக்கு இதில் ஒரு வழிகாட்டல் தெரிகிறது: கண்ணுக்கு ஒன்றை மறைத்தால், அந்த இடத்தில் இன்னொன்றைக் காட்ட வேண்டும். சகோதரி தொடரை விட்டபோது அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. ஆகவே கைப்பேசி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, எபிரெயச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் பேசப்பட்டன. நம் சொற்களையும் ஒருமுறை பார்த்துவிடலாம். உபவாசம் என்னும் வடசொல்லுக்கு உறுப்புப் பொருள் அருகில் தங்குதல். உண்ணாமை அதில் இல்லவே இல்லை. வழக்கில் வந்து சேர்ந்தது. நோன்பு என்பது நோல் என்னும் அடியிலிருந்து வருவது. பொறுத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். அதிலும் உணவு இல்லை. ஆகவே நம் மொழியில் ஜெபிப்பவர்களுக்கு இந்தச் சொற்களே கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

திருக்குறளின் 160ஆம் குறள், உண்ணாமல் நோற்பவர் பெரியவர்தாம், ஆனால் பிறர் சொல்லும் கடுஞ்சொல்லைப் பொறுத்து நோற்பவருக்கு அடுத்த இடத்திலேயே இருக்கிறார் என்கிறது. 225ஆம் குறளோ, பசியைத் தாங்கும் ஆற்றலைவிட அப்பசியைத் தீர்ப்பவரின் ஆற்றலே முதன்மையானது என்கிறது. சமணரின் உண்ணாநோன்பை நன்கறிந்த ஒரு நாட்டில் சொல்லப்பட்ட சொற்கள் இவை. திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில், பாவை நோன்பிருக்கும் பெண்கள் நெய்யும் பாலும் உண்ணோம் என்று சொல்வதோடு நிற்பதில்லை. கண்ணுக்கு மையிடோம், பூ முடியோம், கோள் சொல்லோம் என்றும் அடுக்குகிறார்கள். பூவைத் துறக்கும் வழக்கம் தமிழ்ப் பெண்களிடம் நெடுங்காலமாக இருந்தது. சகோதரியின் தாயார் லெந்து நாட்களில் பூ வைக்காமல் இருந்தபோது, தமிழ் மண்ணின் ஒரு நோன்பு மொழியிலேயே தம் ஆண்டவரோடு பேசினார் என்று நான் கொள்கிறேன். அதற்கு அவர் பெயர் வைக்காதது குறையன்று.

வேதபாட மாணவன்:

இந்த நான்கு நாட்களாக இதையே படித்துக்கொண்டிருந்தேன். முதலில் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன்.

லேவியராகமம் பாவநிவிர்த்தி நாளுக்குக் கட்டளையிடும்போது, உண்ணாதிருங்கள் என்று சொல்லவில்லை. ஆத்துமாவைத் தாழ்மைப்படுத்துங்கள் என்கிறது. அதை நடைமுறைப்படுத்திய யூத மரபை, யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா என்னும் பகுதியில் பார்த்தேன். உண்பதும் குடிப்பதும், குளிப்பது, எண்ணெய் பூசுவது, செருப்பணிவது, தாம்பத்திய உறவு ஆகியவை அன்று விலக்கப்பட்டன. உணவு முதலில் நிற்கிறது. ஆனால் தனியாக நிற்கவில்லை. தானியேலின் தைலமும் பவுலின் அறிவுரையும் இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகின்றன. அம்மா கேட்டது சரியான கேள்வி.

கி.பி. 387இல் அந்தியோக்கியாவில் வரி எதிர்ப்புக் கலவரத்தில் பேரரசர் குடும்பத்தின் சிலைகள் உடைக்கப்பட்டு, நகரமே தண்டனையை எதிர்பார்த்து நடுங்கிக்கொண்டிருந்த லெந்து நாட்களில், ஆதித் திருச்சபையின் புகழ்பெற்ற பிரசங்கியாரான யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய பிரசங்கங்களையும் வாசித்தேன். கண், காது, கை, கால், நாவு எல்லாம் உபவாசிக்கட்டும் என்று அவர் கேட்கிறார். இறைச்சியைத் தொடாமல் சகோதரனைப் பழித்துக் கடிப்பவனைக் கண்டிக்கிறார். அந்த லெந்துக்கு அவர் வைத்த மூன்று கட்டளைகள், யாரையும் இகழ்ந்து பேசாதிருப்பது, யாரையும் பகைவனாக வைத்துக்கொள்ளாதிருப்பது, சத்தியம் செய்யும் வழக்கத்தை விடுவது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். உண்ணாதிருக்க முடிந்தவர்களிடமே கிறிசோஸ்தோம் இதைப் பேசினார். அவர்கள் உண்ணாமலும் இருந்தார்கள். நாவின் உபவாசத்தை வயிற்றின் உபவாசத்துக்கு மேலே கட்டினார், அதற்குப் பதிலாக வைக்கவில்லை. உடல்நலமுள்ள என்னைப் போன்றவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு, கைப்பேசியை விட்டேன், இனி மூன்று வேளையும் வயிறு நிறைய உண்பேன் என்று போனால் அது இழப்புதான். பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே உகந்த உபவாசம் என்கிற ஏசாயா 58ஆம் அதிகாரத்தை நிறைவேற்றவும், நாம் உண்ணாத அப்பம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

இரவுப்பணிச் செவிலி:

தம்பி கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் மூன்று மாற்றுப்பணிகளில் மாறிமாறி வேலை செய்யும் எனக்கு உணவை விடுவது நோயாளிக்கு ஆபத்தாக முடியலாம் என்பதால், நானும் அக்காவின் வழியில்தான் இருக்கிறேன்.

எனக்கு நேர்ந்த ஒரு தவறைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரிடமும் சொல்லாமல் நாற்பது நாள் வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டேன். அந்தரங்கத்தில் உபவாசி என்று மத்தேயு 6இல் சொல்லியிருப்பதைக் கடைப்பிடிப்பதாக எண்ணினேன். அந்த நாட்களில் என் சித்தி மகளின் கணவர் விபத்தில் அடிபட்டு, இரத்தம் வேண்டுமென்று அவள் எனக்கு மீண்டும் மீண்டும் செய்தி அனுப்பியிருக்கிறாள். வேறொருவர் உதவினார், அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் ஏன் பதில் தரவில்லை என்று அவள் கேட்டபோது ஜெபத்துக்காக என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உணவை நான் விட்டால் பசிப்பவள் நான். தொடர்பை நான் விட்டால் இழப்பு எதிர்முனையில் இருப்பவருக்கும் போகிறது. உணவு நோன்புக்கும் மற்ற நோன்புகளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, அவசரமென்றால் தொலைபேசியில் அழையுங்கள் என்று குடும்பத்தாருக்கு மட்டும் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விட்டேன். வெள்ளிக்கிழமை என்ற எண்ணம் இத்தாலியின் மோதெனா மறைமாவட்டத்தைப் பற்றிப் படித்ததில் வந்தது. 2009இல் அங்குள்ள பேராயர், தவக்கால வெள்ளிகளில் குறுஞ்செய்தி அனுப்பாதிருக்கும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொண்டார். கைப்பேசிகளுக்கு வேண்டிய கோல்ட்டான் கனிமத்துக்காகக் கிழக்குக் கொங்கோவில் நடக்கும் போரையும் அதனோடு சேர்த்து நினைவுகூரச் சொன்னார்கள். கையில் இருக்கும் கருவிக்குள் யாருடைய பாடு இருக்கிறது என்று எண்ணி ஜெபிக்கத் தொடங்கிய பிறகுதான், வெறுமனே விட்டது உபவாசமானது.

ரைன்கரைத் தமிழர்:

செவிலிச் சகோதரி சொன்னதோடு ஒரே ஒரு செய்தி. இங்கிலாந்தில் 2008இல் லிவர்பூல், லண்டன் ஆயர்கள் டியர்ஃபண்ட் என்னும் கிறிஸ்தவ உதவி அமைப்போடு சேர்ந்து கார்பன் நோன்பு என்று ஒன்றை அறிவித்தார்கள். வீட்டில் கண்ணில் படும் இடத்திலுள்ள ஒரு மின்விளக்கைக் கழற்றிவிட்டு, நாற்பது நாள் அந்த இருட்டோடு வாழ்வது அதன் முதல் படி. காலநிலை மாற்றத்தால் முதலில் பாதிக்கப்படும் ஏழை நாடுகளின் மக்களை அந்த இருட்டு நினைவூட்ட வேண்டும் என்பது நோக்கம். யாருக்கும் இதனால் தீங்கில்லை. மறக்கவும் முடியாது, ஏனென்றால் கை தானாகவே விளக்கின் விசைக்குப் போகும்.

தாமிரபரணிக்கரை:

லெந்தின் இரண்டாம் வாரம் முடிந்துவிட்டது. உங்கள் பதில்களைத் திரும்பத் திரும்பப் படித்து, ஆராதனைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கியதைச் சொல்கிறேன்.

கூடத்தின் நடு விளக்கைக் கழற்றிவிட்டோம். நாளுக்குப் பத்து முறையாவது என் கை அந்த விசைக்குப் போகிறது. விளக்கு எரியாத ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வீட்டாரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். எங்கள் தெருவில் மகனை இழந்த வீடு அது. இத்தனை ஆண்டுகளில் நான் ஒருவருக்காக இவ்வளவு தொடர்ந்து ஜெபித்ததில்லை. அந்த இழுப்பு திரும்பக் கிடைத்திருக்கிறது. வயிற்றில் அல்ல, விரலில்.

ஏழரை மணித் தொடரையும் விட்டிருக்கிறேன். இந்த முறை அந்த நேரத்துக்கு முன்பே வேதாகமத்தை நாற்காலியில் விரித்து வைத்து, கைப்பேசியைச் சமையலறையில் விட்டுவிடுகிறேன். 51ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிக்கிறேன்.

மூன்றாவதுதான் கடினம். தமிழாசிரியர் ஐயா சொன்ன குறளும் கிறிசோஸ்தோமின் கட்டளையும் என்னை விடவில்லை. நான் என் மருமகளைக் குறை சொல்வதில் ஒரு வாக்கியத்தோடு நிற்பவள் அல்ல. முதல் வாக்கியம் தேவையானதாக இருக்கலாம். இரண்டாவது எப்போதும் வலிக்கச் செய்வதற்காகவே வருகிறது. அந்த இரண்டாம் வாக்கியத்தை விடுவதென்று முடிவு செய்தேன். இதுவரை நான்கு முறை தவறியிருக்கிறேன். தவறிய நாளின் இரவு அவளிடமே போய் மன்னிப்புக் கேட்டேன். முதல் முறை அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் முறை, அத்தை, நானும் உங்களோடு ஏழரை மணிக்கு உட்காரலாமா என்று கேட்டாள்.

தம்பி, நீங்கள் சொன்ன அப்பத்தையும் மறக்கவில்லை. மருத்துவர் அனுமதித்தபடி உணவின் அளவைக் குறைக்காமல், லெந்து முழுவதும் மீனும் இறைச்சியும் வாங்குவதை நிறுத்தி, அந்தப் பணத்தை ஒரு டப்பாவில் போட்டு வருகிறோம். புனித வெள்ளியன்று அது அந்த வீட்டாரின் கடைசிப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். யார் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விளக்கு கழன்றே இருக்க வேண்டுமா?

வேதபாட மாணவன்:

வேண்டாம் அம்மா. சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அதில் ஆறு ஞாயிறுகளை நீக்கினால்தான் நாற்பது. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் சபை அதை உபவாச நாளாக எண்ணுவதில்லை. விளக்கைப் போடுங்கள்.

தாமிரபரணிக்கரை:

நன்றி தம்பி. பேரன் இப்போதே முக்காலியை எடுத்துவரப் போய்விட்டான். நாளை ஆராதனை முடிந்து வந்ததும் அவன் கையால் மாட்டுவான். திங்கள் காலையில் கழற்றுவதும் தன் வேலைதான் என்கிறான்.